சங்கிடம் பேசியவளும் நான்கு விடைகளும்

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்தில் ஒரு மாடியறையில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிச் சத்தத்துக்குள்ளேயே படித்து வளர்ந்தவர்கள். பெரும்பாலும் பெண்கள், வீட்டின் முதல் பட்டதாரிகள். 150 கேள்விகளில் பாடத்துக்கு 110. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். ஹாம்லெட்டா, தயக்கம். 'பதெட்டிக் ஃபேலசி'யா, ரஸ்கின், 1856. பிரதியை வாசிக்க வேண்டாம், நேரம் வீண் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு 'அப்பாஸ்ட்ரஃபி'. எதிரே இல்லாதவரையோ, இறந்தவரையோ, உயிரற்றதையோ விளித்துப் பேசுவது. உதாரணம்: மேல்காற்றைக் கூப்பிடும் ஷெல்லி, 1820. வந்திருந்தவர்களில் பாதிப்பேரின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நாச்சியார் திருமொழியில் குயிலிடமும் மேகத்திடமும் பேசிய ஆண்டாள், கண்ணனின் வாய் எப்படி மணக்கும் என்று சங்கிடம் விசாரித்ததும் அந்த ஊரில்தான். ஞாயிறு, திங்கள், கடல், மரம் எல்லாம் கேட்பதாக வைத்துப் பேசுவதைத் தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு மரபாகவே வகுத்திருக்கிறது. எந்தக் கைடிலும் இது கிடையாது.

இங்கே நிறுத்திவிட்டால் 'நம்மிடமும் உண்டு' என்கிற பெருமிதத்தில் முடியும். அதுவும் ஒரு பொறிதான். ஏனென்றால் தமிழ்த் தேர்வும் ஆண்டாளை இப்படியேதான் தின்கிறது: நாச்சியார் திருமொழி, பாடல்கள் 143, முடிந்தது. மார்கழியில் திருப்பாவைக்குள்ள இடம் உடலின் வேட்கையைப் பேசும் அந்தப் பாடல்களுக்கு இல்லை; வாரணமாயிரம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வரும். பக்தியும் பாடத்திட்டமும் தங்களுக்குத் தோதானதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. ஆக, சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதல்ல பிரச்சினை. எதற்கு உதாரணமாகும் தகுதி உண்டு, அதைத் தீர்மானிப்பது யார் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை என்னிடம் ஒரு பெண் கேட்டாள்: "சார், எங்க பாட்டி எழவு வீட்ல மாரடிச்சுக்கிட்டு, செத்தவுகள பேரு சொல்லிக் கூப்பிட்டு நாயம் கேக்கும். அதும் இதானா?" அதேதான். வரையறையில் 'இறந்தவர்' என்று அச்சிட்டிருப்பதற்கு ஷெல்லியைவிடப் பொருத்தமான உதாரணம். நான் சொன்னது: "சிலபஸ்ல இல்லம்மா, ஷெல்லியை எழுதிக்கோ." அவள் எழுதிக்கொண்டாள். ஒப்பாரியை அந்த அறையிலிருந்து வெளியேற்றியது மெக்காலே அல்ல, நான்.

இதைக் கேட்ட தோழர்கள், ஆங்கில இலக்கியத்தையே தூக்கி எறி என்கிறார்கள். இங்கிலாந்தில் பாடமாக நிலைபெறுவதற்கு முன்பே அது காலனிய இந்தியாவில் பாடமாகிவிட்டதையும், அதன் பின்னிருந்த ஆட்சித் தேவையையும் கௌரி விஸ்வநாதன் 1989இல் விரிவாக எழுதியிருக்கிறார். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்தத் தேர்வு, மில் வேலைக்குப் போகாமலிருக்க ஒரு வழி. வேலையில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் புறக்கணிக்கச் சொல்வது எளிது.

விடைத்தாளில் ஷெல்லியே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு முதல் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அவரவர் காதால் கேட்ட ஒன்றையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். மார்க் கிடையாது. நாளைக்கு வகுப்பறையில் ஒரு பிள்ளை எழுந்து இதே கேள்வியைக் கேட்கும்போது, "சிலபஸ்ல இல்ல" என்று அவள் சொல்லாமலிருந்தால் போதும்.