இடையிலுள்ள நாட்கள்

நம் கதைகளில் கான்ஸர் வந்தவர்கள் எல்லோரும் மிக நல்லவர்கள். யாரிடமும் எரிந்து விழ மாட்டார்கள். கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று சொல்ல மாட்டார்கள். தியாகம் செய்வதுதான் அவர்களுக்கு வேலை. 1962-ல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் நோயாளி, தான் இறந்துபோனால் டாக்டரை மணந்துகொள்ளும்படி மனைவியிடம் சொல்கிறான். இருபது வருஷம் கழித்து வந்த 'வாழ்வே மாய'த்தில் நோயாளி, காதலி தன்னை வெறுத்துவிட்டுப் போகட்டும் என்று கெட்டவனாக நடிக்கிறான். முதல் படத்தைப் பார்த்து நானும் அழுதவன்தான். ஏறக்குறைய முழுக் கதையையும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடத்திக்காட்டிய துணிச்சலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டிலும் நோய் கதைக்கு ஒரு திருப்பம், அவ்வளவே. அதை வைத்துக்கொண்டு ஒருவன் நாளை எப்படிக் கழிக்கிறான் என்று கேட்க ஆசிரியர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

இந்தக் குறை எனக்கு உறைத்தது புத்தகங்களால் அல்ல. 1994 வாக்கில் சேவுகம்பட்டியில் என் சின்னம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்று கண்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று வீட்டில் கூடிப் பேசி, வயிற்றுப் புண் என்று பெயர் வைத்தோம். அந்தப் பொய்க்கு நானும் உடந்தை. அவள் இருந்த அறைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் குரல் தாழ்ந்துவிடும். அவள் வளர்த்த கன்றைக்கூட அவளிடம் கேட்காமல் விற்றுவிட்டார்கள்.

தை மாதம் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடும் நாள் வந்தது. தன்னையும் கூட்டிப்போகச் சொன்னாள். கூட்டம், தூசி, உடம்பு தாங்காது என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

"எனக்கு வந்திருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்டா. நீங்க படுற பாட்டைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கலே. கன்னுக்குட்டியை வித்தீகளே, என்னை ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள்.

ஒருவருக்கும் பதில் வரவில்லை. கோயிலுக்கு எதிரே ஒரு திண்ணையில் கொண்டுபோய் உட்கார்த்தினோம். பழம் பறந்தது. யாரோ ஒரு பையன் தான் பிடித்த பழத்தை அவள் மடியில் போட்டுவிட்டு ஓடினான். பாதியைத் தின்றுவிட்டு மீதியை என் கையில் கொடுத்தாள். வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்று இரவு குழம்பில் உப்பில்லை என்று என் தாயாரோடு சண்டை பிடித்தாள். வீடு மறுபடியும் வீடாயிற்று.

பின்னால் ஸோல்ஷெனித்ஸினின் 'புற்றுநோய் வார்டு' நாவலைப் படித்தபோது சின்னம்மாவின் குரல் கேட்டது. அவர் தாமே 1954-ல் தாஷ்கண்ட் ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். கதாநாயகனுக்குக் கட்டி கரைந்துகொண்டு வருகிறது. இருந்தும், என் உடம்பை என்ன செய்கிறீர்கள் என்று டாக்டரம்மாளோடு வழக்காடுகிறான். உயிருக்காக எதுவரை விலை கொடுக்கலாம் என்பது அவன் கேள்வி. வார்டில் இருப்பவர்கள் சண்டை போடுகிறார்கள், படிக்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள், ஒருவரும் தெய்வமாகிவிடவில்லை. அதே டாக்டரம்மாளுக்கு நோய் வந்தபோது, விவரம் எனக்கு வேண்டாம் என்கிறாள். இந்த இடத்தில்தான் நாவலாசிரியரின் நேர்மை தெரிகிறது. தெரிந்துகொள்வதோ தெரியாமலிருப்பதோ, தீர்மானம் நோயாளியுடையது. எங்கள் வீட்டில் அதைத்தான் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

எழுத்தாளர்களைவிட டாக்டர்கள் முன்னே போய்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மனத்தைக் கவனிக்க ஒரு துறை இருக்கிறது. வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று நோயாளியையே கேட்டறியும் வினாத்தாளும் அங்கே தயாரித்திருக்கிறார்கள். எங்கள் திண்டுக்கல் ஜில்லாவில் 2000-க்குப் பிறகு 49,311 பெண்களைக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். சாதாரணமாகப் புளிக்காடியில் இருக்கும் அமிலத்தைத் தடவி நர்சுகள் கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனைதான். அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவிகிதம் குறைந்ததாக 2007-ல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. முன்னதாகக் கண்டுபிடித்தால் நோய்க்குப் பிறகும் வருஷக்கணக்கில் வாழ்க்கை இருக்கிறது என்றாகிறது. கொல்லவோ குணமாக்கவோ மட்டும் தெரிந்த நம் கதைகளில் அந்த வருஷங்களுக்கு இடமில்லை.

பிறரைக் குறை சொல்லி முடித்துவிடலாகாது. சின்னம்மாவின் கதையை நானும் இன்னும் எழுதவில்லை. இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் அவள் சாவிலிருந்தே தொடங்கினேன். உப்புச் சண்டையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.