அலை கிளப்பிய சேறு: எலன் லா மோட்டின் போர் மருத்துவமனைக் கதைகள்

'பேக்வாஷ்' என்ற சொல் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, வேலையிலிருந்து வந்தது. நான் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பராமரிப்புப் பொறியாளன். மணல் வடிகட்டியில் நீர் மேலிருந்து கீழே இறங்கும்போது தன் கசடை மணலில் விட்டுவிட்டுப் போகும். ஏறக்குறைய ஒரு நாள் ஓடினால் மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது நீரைக் கீழிருந்து மேலே திருப்பி அடிப்போம். முதல் சில நிமிடங்கள் கரும்பழுப்பு நிறத்தில் பொங்கிக்கொண்டு வரும். அதுதான் பேக்வாஷ். வீட்டில் குழாயைத் திறக்கிற யாரும் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓர் இரவு ஷிப்டில், காப்புரிமை முடிந்த பழைய நூல்களை இணையத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது 'தி பேக்வாஷ் ஆஃப் வார்' என்ற தலைப்பு கண்ணில் பட்டது. திறந்ததற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான். எழுதியவர் எலன் லா மோட் என்ற அமெரிக்கத் தாதி. முன்னுரையில் அவர் சொல்வது வடிகட்டியைப் பற்றி அல்ல. மனித குலம் மெல்ல முன்னே நகர்கிறது, அந்த நகர்வு கரையோர ஆழமற்ற நீரில் சேற்றைக் கிளப்புகிறது, அந்தச் சேறுதான் போரின் பேக்வாஷ், அது அசிங்கமானது என்கிறார். வேறு பொருள் என்றாலும் எனக்கு நெருக்கமாகத்தான் இருந்தது. அன்று விடிவதற்குள் பாதிப் புத்தகத்தை முடித்துவிட்டேன்.

லா மோட் 1873இல் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தாதிப் பயிற்சி பெற்று, பால்டிமோர் நகரில் காசநோய்த் தாதியாக வேலை செய்தவர். முதல் உலகப் போர் தொடங்கியதும் பாரிஸுக்குப் போகிறார். 1915இல் பெல்ஜியத்தின் ரூஸ்ப்ரூக் என்ற ஊரில், போர்முனைக்குச் சில கிலோமீட்டர் பின்னால் இருந்த பிரெஞ்சு இராணுவக் கள மருத்துவமனையில் சேர்கிறார். அதைத் தன் சொந்தப் பணத்தில் அமைத்து நடத்தியவர் மேரி போர்டன் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண். லா மோட் தன் நூலைச் சமர்ப்பணம் செய்திருப்பதும் அவருக்கே. 13 சிறு சித்திரங்களுடன் நூல் 1916இல் வெளிவந்தது. போரில் இருந்த இங்கிலாந்திலும் பிரான்சிலும் அதற்கு இடமில்லை. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, 1918இல், அங்கேயும் முடக்கப்பட்டது. மறுபடி அச்சில் வந்தது 1934இல்தான்.

முதல் கதையின் தலைப்பு 'வீரர்கள்'. ஒரு சிப்பாய், இனித் தாங்க முடியாது என்ற நிலையில் துப்பாக்கியை வாயில் வைத்துச் சுட்டுக்கொள்கிறான். சாவு வரவில்லை. ஒரு கண் போய், குண்டு மண்டைக்குள் தங்கிவிடுகிறது. கத்திக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருப்பவனை மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவன் தப்பியோடியவனுக்குச் சமம். ஆகவே அவனை நன்றாகக் குணப்படுத்த வேண்டும். குணமானதும் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, சுவரோரம் நிற்க வைத்துச் சுட வேண்டும். அதற்காகத்தான் அறுவை சிகிச்சை, கட்டு, இரவுத் தாதி எல்லாம்.

இந்தக் கதை இதோடு நின்றிருந்தால் ஒரு கெட்டிக்கார முரண், அவ்வளவுதான். லா மோட் நிற்கவில்லை. இரவுத் தாதி மற்ற கட்டில்களையும் பார்க்கிறாள். அங்கே படுத்திருப்பவர்கள் கௌரவமான காயக்காரர்கள், நாட்டுக்காக அடிபட்டவர்கள். அவர்களையும் குணப்படுத்தி மறுபடி பதுங்குகுழிக்குத்தானே அனுப்பப்போகிறோம்? சுடப்படுவதற்காகக் குணமாக்கப்படுகிறவன் ஒருவன் மட்டும்தானா? கதை இந்தக் கேள்வியைத் தாதியின் தலையில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. 'வீரர்கள்' என்று தலைப்பு ஏன் பன்மையில் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பராமரிப்பு வேலையில் இருப்பவனுக்கு இந்தத் தர்க்கம் ரொம்பப் பழக்கம். பம்ப் பழுதானால் கழற்றுகிறோம், தாங்கியை மாற்றுகிறோம், திருப்பி மாட்டுகிறோம். பம்ப் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, ஓட வேண்டும் என்பதற்காக. மேரி போர்டன் தன் அனுபவங்களை எழுதிய 'தி ஃபர்பிடன் ஸோன்' 1929இல் வெளிவந்தது. அதில் இதே விஷயத்தைச் சலவைத் துணியாகச் சொல்கிறார்: கிழிந்து திரும்பிவரும் துணியைத் தைத்து மறுபடி அனுப்புவதுபோல ஆட்களைத் தைத்து அனுப்புகிறோம், துணி இற்றுப்போகும் வரைக்கும். ஒரே மருத்துவமனையில் வேலை செய்த இரண்டு பெண்கள் ஒரே உண்மையைத் தொட்டிருக்கிறார்கள். போர்டனின் வரிகளில் ஒரு தாளம் இருக்கிறது, கவிதைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். லா மோட் அந்தப் பக்கமே போவதில்லை. குட்டி வாக்கியங்கள். அலுவலக அறிக்கை மாதிரி ஒரு குரல். அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதன் பெருமையை உரித்துவிடுவார். 'இலட்சியம்', 'நன்றியுள்ள தாய்நாடு' போன்ற சொற்கள் அவர் கையில் மூன்றாவது முறை வரும்போது வாசகனுக்கு அருவருப்பாகிவிடும்.

நூல் முடக்கப்பட்டதற்கு இரத்தமும் சீழும் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். காயத்தைப் பற்றிப் பேசிவிட்டு, ஆனாலும் அவன் தியாகி என்று முடித்திருந்தால் எந்த அரசும் கண்டுகொண்டிருக்காது. லா மோட் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லைத் தர மறுக்கிறார். 'அறுவைச் சாதனை' என்ற கதையில் பாரிஸ் சிகையலங்காரக் கடைக்காரர் ஒருவரின் மகன் இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண் எல்லாம் இழந்து உயிர் பிழைக்கிறான். மருத்துவருக்கு அது பெரிய வெற்றி. இப்படி ஒருவனைப் பிழைக்க வைத்ததே தொழில்நுட்பத்தின் உச்சம். பையன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே அவன் அப்பாவிடம் தன்னைக் கொன்றுவிடும்படி அழுகிறான். மாதக் கடைசியில் செயல்திறன் குறியீட்டு அட்டவணை நிரப்புகிற எனக்கு அந்த மருத்துவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய எண்கள் எல்லாம் சரி. எந்தக் கட்டத்தில் அளவெடுப்பதை நிறுத்தினார் என்பதில்தான் கோளாறு.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா அரசாங்க மருத்துவமனையில் 26 வருஷம் அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், "மூணாம் நம்பர் கட்டில் தாத்தா இன்னிக்குப் போய்ட்டாரு. அந்தக் குழம்ப இந்தப் பக்கம் தள்ளு" என்றார். இரண்டும் ஒரே மூச்சில். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கு மனசு மரத்துவிட்டது என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன்.

லா மோட்டின் 'தனியாக' என்ற கதையை வாசித்தபோது அந்தச் சாப்பாட்டு மேசை ஞாபகம் வந்தது. ரோஷார் என்பவனுக்குத் தொடையில் வாயு அழுகல் நோய். காலை எடுக்கவும் வழியில்லை. வார்டுக்கு வந்து சில மணி நேரம்தான் ஆகிறது. அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது, ஆகவே யாருக்கும் அவன் மேல் பிரியம் இல்லை. வார்டு நிறைய ஆட்கள் இருக்க, அவன் தனியாகச் சாகிறான். கதை யாரையும் திட்டவில்லை. பிரியம் வைப்பதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் அவனிடம் இல்லை என்று மட்டும் காட்டுகிறது.

போர்டனின் 'குருடன்' இதற்கு நேர் எதிரான இடத்தில் முடிகிறது. பரபரப்பான இரவில் இயந்திரம்போல வேலை செய்துகொண்டிருக்கும் தாதியைக் கண்ணிழந்த ஒருவன் கூப்பிடுகிறான், தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாளோ என்ற பயத்தில். அந்தக் குரல் கேட்டதும் அவள் உடைந்துபோய், மறைந்து நின்று அழுகிறாள். வாசிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் வாசித்து ஒரு வாரம் கழித்தும் என்னைத் தூங்கவிடாதது ரோஷார்தான். போர்டனின் தாதி எனக்கும் சேர்த்து அழுதுவிடுகிறாள், நான் புத்தகத்தை மூடி வைக்கலாம். லா மோட் கதையில் யாரும் அழவில்லை. அந்தக் கணக்கு தீராமல் என்னிடமே நிற்கிறது.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். அம்மாதான் கெடுத்துவிட்டார்.

'பெல்ஜியக் குடிமகன்' என்று ஒரு கதை. பத்து வயதுப் பையனுக்கு வயிற்றில் குண்டுச் சிதறல். ஆங்கிலேயர்களின் ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுவந்து இந்தப் பிரெஞ்சு மருத்துவமனையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. சிப்பாய்களுக்கான இடத்தில் ஒரு சிறுவன். இரவெல்லாம் அம்மா, அம்மா என்று கத்துகிறான். அவன் தாயை வரவழைக்கிறார்கள். அவள் வேண்டா வெறுப்பாக வருகிறாள். வீட்டில் புருஷன் இருக்கிறான், மற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள், சிப்பாய்களுக்கு பீர் விற்கும் கடை இருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும் என்று நிற்கிறாள். எழுத்தின் தொனி அவளை மன்னிக்கவே இல்லை. நானும் மன்னிக்கவில்லை.

கதையை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "மத்தப் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்றார்.

"சாகப்போற புள்ளம்மா அது."

"அதான் சொல்றேன். வார்டுல பாத்திருக்கேன்டா. எஸ்டேட்லேருந்து வருவாங்க. பஸ் மூணு மணிக்கு, அத விட்டா அடுத்தது இல்ல. கட்டில்ல கெடக்கறத ஒரு பார்வ, கடியாரத்த ஒரு பார்வ. மிஸ்ஸிங்க திட்டுவாங்க, என்னா அம்மா இவன்னு. நான் திட்டுனது இல்ல. ஒங்கள அடுத்த வீட்டுல விட்டுட்டுத்தானே நானே நைட்டு வேலைக்குப் போனேன்."

மறுபடி போய்க் கதையை எடுத்து வாசித்தேன். லா மோட்டின் பார்வையில் எனக்கு இருந்த குறை அப்போதுதான் பிடிபட்டது. அவருடைய ஏளனம் தளபதிகளை நோக்கி மேலே போகும்போது கத்தி மாதிரி இருக்கிறது. பதக்கத்துக்காகக் காத்துக் காத்து ஒருவன் செத்துப்போன பிறகு தளபதி பதக்கத்தோடு வந்து நிற்கும் 'பாராட்டுரை' அதற்கு நல்ல சாட்சி. அதே ஏளனம் ஏழைத் தாய், படிக்காத உதவியாள் என்று கீழே இறங்கும்போது முனை மழுங்கிவிடுகிறது. அங்கே பேசுவது பயிற்சி பெற்ற, வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பிவிடக்கூடிய ஒருவரின் குரல். அந்தப் பீர் கடைக்காரிக்குத் திரும்புவதற்கு வேறு ஊர் இல்லை. அவள் ஊரில்தான் போரே நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்தத் தாயைப் புரிந்ததற்குக் காரணமும் லா மோட்தான். புருஷன், பிள்ளைகள், கடை என்று அவள் சொன்னதை ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். தொனி தீர்ப்புச் சொன்னாலும் கண் பார்த்ததைக் கை மறைக்கவில்லை. நூறு வருஷம் கழித்து கிள்ளானில் ஒரு அட்டெண்டன் அந்தத் தீர்ப்பைத் திருத்துவதற்கு வேண்டிய சாட்சியம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. நல்ல எழுத்துக்கு இது ஒரு அடையாளம் என்று இப்போது நினைக்கிறேன். எழுதியவருடைய கருத்தையே தோற்கடிக்கக்கூடிய விவரங்களை அது வெட்டி எறிவதில்லை.

லா மோட்டின் பார்வை அதோடு நின்றுவிடவும் இல்லை. போர்முனைக்குப் பிறகு அவர் ஆசியாவுக்குப் பயணம் வந்தார். 1920இல் 'தி ஓப்பியம் மோனோபோலி' என்ற நூலை எழுதினார். அதில் சிங்கப்பூரைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. குடிமக்களுக்கு அபினை விற்று அந்தக் காசில் காலனி அரசு நடப்பதை எண்களை வைத்துக் காட்டுகிறார். அங்கே கதை இல்லை, அட்டவணைதான். ஆனால் கேள்வி அதே கேள்வி: இந்த ஒழுங்கான அமைப்பு யாருடைய உடம்பின் மேல் ஓடுகிறது?

நம் பக்கத்தில் எனக்கு ஞாபகம் வருவது சயாம் மரண ரயில். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இரண்டும் அங்கே போன நம் ஆட்களின் கதையைச் சொல்லும் நாவல்கள். 1943இல் தொழிலாளர் முகாம்களில் காலரா பரவியபோது, போர்க்கைதிகளாக இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்று இரண்டு குழுக்களாகப் பிரித்து ஜப்பானியர்கள் அங்கே அனுப்பினார்கள். வெள்ளைக்கார மருத்துவர்களின் நாட்குறிப்புகள் நூல்களாகியிருக்கின்றன. மூங்கில் படுக்கைகளுக்கு நடுவே வாளி தூக்கிய ஒரு தமிழ் ஆள், ஒரு எஸ்டேட் டிரசர், தன் குரலில் எழுதியதை நான் இதுவரை வாசித்ததில்லை. அந்த ஆளும் வேலை முடிந்து, ஒரு சாவைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் கஞ்சி கேட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அதை யாராவது பக்கத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தால் நமக்கு ஒரு லா மோட் கிடைத்திருப்பார், தீர்ப்புச் சொல்லாத லா மோட்.

போன வாரம் அம்மாவிடம் மூணாம் நம்பர் கட்டில் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். பெயர் சொன்னார். எந்த எஸ்டேட், எத்தனை மகன்கள், யார் வரவில்லை என்று சொன்னார். கடைசி நாள் அவர் கால் நகத்தை வெட்டிவிடச் சொன்னாராம், இவர் வெட்டிவிட்டாராம்.

"அன்னிக்கு ஏம்மா இதெல்லாம் சொல்லல?"

"நீ சாப்ட்டுக்கிட்டு இருந்தியே" என்றார்.