கருவி யாருடையது?

வகுப்பறைக்குள் கைத்தொலைபேசி வரலாகாது என்று வாதிடும் கட்சியில் நானும் சில ஆண்டுகள் இருந்தவன். இலக்கியம் கற்பிக்க ஆசிரியனின் குரலும் ஒரு நூலும் வெண்கட்டியும் போதும் என்பது என் எண்ணம். அவ்வெண்ணம் இருமுறை மாறியது. நம் ஆசிரியரிடையே நிலவும் இரு தவறான நோக்குகளை அம்மாற்றம் காட்டுமாதலின் அதனை இங்கு கூறுகிறேன்.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. நேற்றுவரை நாம் பறித்துவைத்த கைத்தொலைபேசியே பள்ளிக்கூடமாயிற்று. வட்ஸ்அப்பில் குறிப்புகளை அனுப்பினோம். செய்யுள் விளக்கங்களைக் குரலில் பதிந்து அனுப்பினோம். சில வாரங்களுள் நானும் புதுமதம் புகுந்தவன்போல் அதன் புகழ் பாடலானேன்.

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பயிற்சியையேனும் உரிய வேளையில் அனுப்பவில்லை. சோம்பேறி என்று தீர்மானித்தேன். குழுவில் எல்லோரும் காணக் கடிந்தும் எழுதினேன். பாடசாலை திறந்த பின்னரே உண்மை தெரிந்தது. அவ்வீட்டில் இருந்தது ஒரே தொலைபேசி. தோட்டக் கூலிக்குப் போகும் தந்தையோடு சென்று, பொழுதுபட்ட பின்னரே அது வீடு திரும்பும். அதன்பின்னும் உயர்தரம் படிக்கும் அக்காவுக்கே முதலிடம். நான் கடிந்து எழுதியதை அவனுக்கு முன்பே அவன் தந்தை, வேலைத் தலத்தில் நின்று படித்திருந்தார்.

இதனை ஒரு பிள்ளையின் தலைவிதி எனக் கொள்வது பிழை. பாடசாலையில் எத்தனை குறைகள் இருப்பினும், அங்குள்ள கூரையும் வாங்கும் கரும்பலகையும் எல்லோருக்கும் பொது. 1945 இல் இந்நாடு பெற்ற இலவசக் கல்வியின் பொருள் அதுவே. அப்பொதுமையை வீட்டுக்கு வீடு வேறுபடும் தனியுடைமையிடம் ஒப்படைத்தபோது, வர்க்க வேறுபாடு நேரே வரவு இடாப்பில் ஏறிக்கொண்டது. 2021 யூலையில், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரியும் கைதுகளைக் கண்டித்தும் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நியாயமான போராட்டம் அது. இணையத்துக்கு நம் பையிலிருந்து பணம் போனதை அந்நாளில் உரத்துப் பேசினோம். அதே செலவைக் கூலிக்காரர் குடும்பங்கள் எவ்வாறு தாங்கின என்பதை அவ்வளவு உரத்துப் பேசினோமா?

மனம் நொந்து பழைய வெறுப்புக்கே நான் திரும்பியிருக்கக்கூடும். தடுத்தது ஒரு கவிதை நூல். எங்கள் அளவெட்டியில் 1927 இல் பிறந்த மஹாகவி உருத்திரமூர்த்தி, லிமரிக் வடிவத்தைத் தமிழாக்கி, நகையும் கண்டனமும் கலந்து படைத்த ‘குறும்பா’ 1966 இல் வெளிவந்தது. அவர் பிறந்த மண்ணிலேயே என் மாணவர் எவரும் அந்நூலைக் கண்ணாற் கண்டதில்லை. 2005 இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தில் அது கிடைத்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அந்த இழப்பை அறிந்த ஒரு சமூகம் தன் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, காசு கேளாமல் எவருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அவற்றை என் தொலைபேசியில் இறக்கி, சில பக்கங்களை அச்சிட்டு, வாங்குக்கு ஒரு தாளாகக் கொடுத்தேன். எழுந்து நின்று வாசித்தவன் அந்த மாணவனே. வகுப்பு முழுவதும் சிரித்தது.

இரு அனுபவங்களிலும் கருவி ஒன்றே. முன்னையதில் வாங்க வல்லவனுக்கே பாடம் எட்டியது. பின்னையதில் பொதுவில் இருந்த நூல், ஒரே தொலைபேசியின் வழியாக எல்லோரையும் அடைந்தது.

கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இன்று மாணவர் கைக்கு வந்துவிட்டது. ‘தடை செய்’ என்போரும் ‘வாழ்க’ என்போரும் மீண்டும் அணிவகுக்கின்றனர். அது யாருடையது, எவர் செலவில் இயங்குகிறது, எந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்துகிறது என்று இரு சாராரும் கேட்பதில்லை. அக்கேள்வியை எழுப்புவது ஆசிரியரின் கடமை. கரும்பலகையைப்போல் பாடசாலைக்கே உரிய பொதுக் கருவியாக அது வரும்வரை, அதனை வைத்து எந்தப் பிள்ளைக்கும் புள்ளி குறைக்க நமக்கு உரிமை இல்லை. ஒருமுறை அவ்வாறு குறைத்தவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன்.