மதிப்பு மனத்திலா, மண்ணிலா?

திருச்சியின் எடமலைப்பட்டி புதூரில் மனை வாங்க வருகிறவர் இரண்டு விலைகளை விசாரிக்கிறார். ஒன்று பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு. மற்றது தரகர் சொல்லும் வெளிமதிப்பு. பக்கத்துப் பஞ்சப்பூரில் பேருந்து முனையம் 2025இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் அது வரப்போகிறது என்ற பேச்சுக்கே வெளிமதிப்பு ஏறத் தொடங்கிவிட்டது. வழிகாட்டி மதிப்போ அரசு முடிவுக்குக் கட்டுப்பட்டது. 2017 ஜூனில் தமிழகம் முழுக்க அதை 33 விழுக்காடு குறைத்தார்கள். 2023இல் பழையபடி ஏற்றினார்கள். மண் அதே மண்தான். அப்படியானால் மதிப்பு எங்கே இருக்கிறது? அரசின் கையைச் சுருக்கி, தனிமனித உரிமையையும் சந்தையையும் முன்னிறுத்தும் சுதந்திரவாதச் சிந்தனையாளர்கள் ஒன்றரை நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

1871இல் வியன்னாவின் கார்ல் மெங்கர், மதிப்பு பொருளிலும் இல்லை, அதற்குச் செலவான உழைப்பிலும் இல்லை, தேவைப்படுகிறவரின் கணிப்பில்தான் இருக்கிறது என்றார். அந்த வழியில் வந்த லுட்விக் ஃபான் மீசஸ், மனிதரின் இலக்குகளுக்கு மதிப்பெண் போடுவது பொருளியலின் வேலையல்ல, தேர்ந்த வழி அந்த இலக்குக்குக் கொண்டு சேர்க்குமா என்று மட்டுமே அது சொல்ல முடியும் என்றார். அயன் ராண்டுக்கு இது போதவில்லை. 1957இல் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலிலும் பிந்தைய கட்டுரைகளிலும், மதிப்பு எவருடைய விருப்பு வெறுப்பும் அல்ல, மனித வாழ்வின் உண்மைகளில் வேரூன்றிய புறநிலை உண்மை என்று வாதாடினார். அவருடைய உறுதி என்னை ஈர்க்கிறது. ஆனால் அவரோடு உடன்படாதவர் பகுத்தறிவு அற்றவராகிவிடுகிறார். அதற்குமேல் உரையாடல் நகர்வதில்லை.

இந்த இழுபறியில் எனக்கு முக்கியமானவர், அதிகம் பேசப்படாத ஆல்ஃபிரட் ஷுட்ஸ். மீசஸின் வியன்னா கருத்தரங்கில் பங்கேற்ற அவர், ஒருவர் மனத்தை இன்னொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதை 1932இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார். நம் மனை பேரத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், முன்பணம் ஆகியவற்றுக்கு என்ன பொருள் என்பது வாங்குபவரும் விற்பவரும் சந்திப்பதற்கு முன்பே இருவருக்கும் தெரியும். அது தெரியாவிட்டால் பேரம்கூட நடக்காது. இந்தப் பொதுப்புரிதல் தனிமனத்தில் முளைத்ததும் அல்ல, மண்ணில் விளைந்ததும் அல்ல. சேர்ந்து வாழ்ந்ததில் திரண்டது. 1980களில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் டான் லவாய் இந்த இழையை ஜெர்மன் தத்துவவாதி காடமரின் பொருள்கோள் தத்துவத்தோடு சேர்த்தார். இப்படிச் சேர்த்தால் உண்மையே வெறும் வியாக்கியானமாகக் கரைந்துவிடும் என்று சுதந்திரவாதப் பொருளியலாளர் மரே ராத்பார்ட் 1989இல் கடுமையாகத் தாக்கினார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விலைக்குள் இருக்கும் அறிவு வணிகர்களின் போட்டியில்தான் பிறக்கிறது, திட்டக்குழு அதைத் தாளில் திரட்டிவிட முடியாது என்று லவாய் 1985இல் காட்டியதை ராத்பார்டின் கோபம் தொடவில்லை.

நம் பக்கம் இந்த விவாதம் நூலகத்தில் நடக்கவில்லை, அரிசியில் நடந்தது. 1952இல் சென்னை மாநில முதல்வரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1955இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளியலாளர் குழுவில் பி. ஆர். ஷெனாய் தனியொருவராக மறுப்புக் குறிப்பு எழுதினார். சேமிப்புக்கு மிஞ்சிய செலவு, பற்றாக்குறை நிதி, விலைவாசி என்று திட்டக்காரர்களின் அளவுகோல்களைக் கொண்டே அவர்களை மறுத்ததுதான் அந்தக் குறிப்பின் வலிமை. 1959இல் ராஜாஜி முதலானோர் தொடங்கிய சுதந்திராக் கட்சி இன்னொரு வழி கண்டது. 21 கொள்கைகளை வகுத்து, அவற்றுக்கு வெளியே உறுப்பினர் எவரும் எதையும் சொல்லலாம் என்று 21ஆவது கொள்கையிலேயே எழுதிவைத்தது. பொதுப்புரிதலின் எல்லையை இவ்வளவு நேர்மையாக வரைந்த வேறொரு இந்தியக் கட்சியை நான் அறியேன்.

ஆனால் அந்த எல்லைக்குள்ளும் நெருடல் இருந்தது. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி தந்த தி.மு.க.வுடன் அக்கட்சி கூட்டணி கண்டது. 1971இல் மதுவிலக்கை விலக்க வேண்டாம் என்று முதல்வர் கருணாநிதியின் வீடு தேடிப்போய்க் கேட்டுக்கொண்டவரும் இதே ராஜாஜிதான். அரிசியை வாங்குபவரின் முடிவுக்கு விட்டவர், கள்ளை விடவில்லை. அவருக்கு மதிப்புகளின் தளம் தர்மம். மெங்கர் அதை ஏற்றிருக்க மாட்டார்.

அந்தத் தளத்தையே பெரியார் உடைத்தார். ஊரார் சேர்ந்து வாழ்ந்ததில் திரண்ட புரிதலில் சாதியும் திரண்டிருக்கிறதே, அதை எப்படி சுதந்திரத்தின் அடித்தளமாக வைப்பது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த, பிள்ளைகள் அரைநாள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்தபோது அவர் போராடியதும் இதற்காகத்தான். புதூரில் யாருக்கு மனை விற்கலாம், யாருக்கு வீடு வாடகைக்கு விடலாம் என்பதிலும் எழுதப்படாத பொதுப்புரிதல் உண்டு. ஷுட்ஸும் லவாயும் அந்தப் புரிதலை விளக்க உதவுவார்கள். அதை யார், யாருக்காக வகுத்தார்கள் என்று கேட்கப் பெரியார்தான் வேண்டும். சுதந்திரவாத இலக்கியத்தின் பெரிய இடைவெளி இது என்பது என் முடிவு.

பெரியார் தங்கியிருந்த மாளிகை இதே திருச்சியின் புத்தூரில் இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப, ‘கல்கி’யில் ராஜாஜி எழுதியவற்றையும் ‘விடுதலை’யில் பெரியார் எழுதியவற்றையும் அருகருகே வைத்துப் பதிப்பிக்கும் பணியைத் திருச்சிக் கல்லூரிகளின் பொருளியல், வரலாற்றுத் துறைகள் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.