இறகால் கட்டிய பூச்சி

சேவல் இறகின் ஓரிழை, கொஞ்சம் பட்டுநூல், நகக்கண் அளவு தூண்டில் முள். டிரவுட் மீனை ஏய்க்கும் செயற்கைப் பூச்சி இவ்வளவுதான். ஆனால் அது நீரில் அலுங்காமல் இறங்க வேண்டும். நூல் சற்று இழுபட்டாலும் மீன் விலகிவிடும். என்ன அழகான பொறுமை!

இந்த மீன்பிடிப்புக்காகவும் எழுத்துக்காகவும் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியையே உதறினார் ஜான் வோல்க்கர். இஷ்பெமிங் என்ற இரும்புச் சுரங்க ஊரின் வழக்கறிஞர் அவர். 1952இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ லெப்டினன்ட் ஒருவருக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். அந்த வழக்கிலிருந்து, ராபர்ட் டிராவர் என்ற புனைபெயரில், 1958இல் ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ நாவல் பிறந்தது. மறுவருடமே படமும் ஆனது. புகழ் வந்தபின் அவர் போனது காட்டுக் குளத்துக்கு. அந்த நாவலைவிட அவருடைய மீன்பிடி எழுத்துகளே எனக்கு உயர்வு.