யார் உள்ளே, யார் வெளியே?

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலை மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கொலம்பஸில் எங்கள் ஒஹாயோ ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல் ஒரே குரலில் கத்தும்போது உடம்பு சிலிர்க்கும், நிஜம்தான். ஆனால் அதைவிட ருசியானது நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரி. அன்றைக்குத்தான், சீசன் முடிவில் கோப்பைக்காக ஆடும் பிளேஆஃப் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அந்த வாரத்து ரேங்கிங்கை அறிவிக்கும். அறிவித்த அடுத்த நிமிஷம் ஊரில் ஒருத்தர் வாயும் சும்மா இருக்காது. மறுநாள் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில், முடிவெட்டும் கடையில், மளிகைக் கடை பில் வரிசையில், எங்கே போனாலும் ஒரே வழக்கு. யார் உள்ளே, யார் வெளியே? நான் படித்தது ஒஹாயோ ஸ்டேட்டில், வேலை பார்ப்பதும் இதே ஊரில். முன்பின் தெரியாதவரோடு அரைமணி நேரம் மனம்விட்டுச் சண்டை போட இந்த ஊர் எனக்குக் கொடுத்த சாக்கு இது ஒன்றுதான். விடுவேனா?

ஐபிஎல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் இது பிடிபடாது. அங்கே பத்து அணி, ஒரே பட்டியல். புள்ளி சமமானால் நெட் ரன் ரேட். கணக்கு சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. இங்கே மேல்மட்டப் பிரிவில் மட்டும் 2025 சீசனில் 136 பல்கலைக்கழக அணிகள். சாதாரணமாக ஒரு சீசனில் ஓர் அணி ஆடுவது 12 ஆட்டம். முக்கால்வாசி அணிகள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமலே சீசன் முடிந்துவிடும். அப்புறம் யார் பெரியவர் என்று எப்படிச் சொல்வது? டெக்சஸ் மாநிலத்து கிரேப்வைன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் 13 பேர் கூடி உட்கார்ந்து, பேசி, ஓட்டுப் போட்டுச் சொல்கிறார்கள். பல்கலைக்கழக விளையாட்டு நிர்வாகிகள், முன்னாள் பயிற்சியாளர்கள், முன்னாள் வீரர்கள் எல்லாம் அதில் உண்டு. தன் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பிளேஆஃபில் மொத்தம் பன்னிரண்டு இடம். அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடும்; ஐந்து இடம் அந்த கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு. மீதி ஏழு இடத்துக்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. யாரோடு ஆடினாய், யாரை ஜெயித்தாய், நேருக்கு நேர் என்ன ஆனது, அடிபட்டவர் யார் என்று பார்ப்பார்கள். எதற்கு எவ்வளவு எடை என்பது மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது.

எழுதாமல் விட்ட புண்ணியவான்களுக்கு என் கோடி நமஸ்காரம். 1998 முதல் 2013 வரை பிசிஎஸ் என்று ஒரு முறை இருந்தது. கருத்துக்கணிப்பையும் கணினிக் கணக்கையும் கலந்து இரண்டே அணிகளை இறுதிப் போட்டிக்கு அனுப்புவார்கள். அப்போதும் சண்டை உண்டு. ஆனால் கணினியோடு சண்டை போட்டு என்ன சுகம்? 2014 சீசனிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயமே களைகட்டியது. நம் பட்டிமன்றத்தில் நடுவர் தீர்ப்புச் சொன்னதும் கூட்டம் எழுந்து போய்விடும். இங்கே தீர்ப்பு வந்த பிறகுதான் மன்றமே தொடங்கும்.

வாதம் செய்கிறவர்களின் சாமர்த்தியத்தைக் கேட்க வேண்டும். ஜெயித்ததைச் சொல்லிப் பெருமைப்படுவது யாருக்கும் கைவரும். தேர்ந்த ரசிகர் தோல்வியையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவார். நல்ல அணியிடம், வெளியூரில், கடைசி நிமிஷத்தில் தோற்றால் அது 'குவாலிட்டி லாஸ்'. எதிராளியின் வெற்றி மட்டும் எப்போதுமே சப்பை வெற்றி: "அவங்க யாரோட ஆடினாங்க, சொல்லுங்க?" எதிர்வீட்டுப் பெரியவருக்கு எண்பதை நெருங்குகிற வயது. காலையில் சாப்பிட்ட மாத்திரை மறந்துபோகும், ஆனால் செப்டம்பர் இரண்டாவது வாரம் நம் அணி ஜெயித்த அணி அதற்கப்புறம் யார் யாரை ஜெயித்தது என்பதைச் சரம் சரமாகச் சொல்வார். நான் ரசித்துக் கேட்பேன். இடையிடையே மறுத்தும் பேசுவேன். மறுக்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும்.

எங்கள் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் மிச்சிகனில் படித்தவர். மிச்சிகன் எங்கள் அணியின் பரம வைரி, கொலம்பஸில் இதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. மிச்சிகனோடு ஆடும் வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்தைத் தேடித் தேடிச் சிவப்பு டேப் ஒட்டி மறைப்பார்கள். ஃபிரிட்ஜில் தொங்கும் மளிகைச் சீட்டில் 'மில்க்' என்ற சொல்லுக்கு நானும் அதே மரியாதை செய்வேன்.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து மாமியார் வந்திருந்தார். அப்போது இடம் நாலே நாலுதான். எங்கள் அணி மிச்சிகனிடம் 30-24 என்று தோற்று ஏழாவது இடத்தில் கிடந்ததால் எனக்குக் கட்சி கிடையாது, நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம். அன்றைக்கு விழுந்த முடிச்சு மாதிரி இன்னொன்று விழுமா என்று தெரியவில்லை. மிச்சிகனும் வாஷிங்டனும் தோல்வியே இல்லாமல் 13-0, இரண்டுக்கும் இடம் உறுதி. ஃபுளோரிடா ஸ்டேட்டும் 13-0. தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்திருந்த ஜார்ஜியாவை அலபாமா முந்தின நாள்தான் 27-24 என்று வீழ்த்தியிருந்தது. அந்த அலபாமாவை எப்படி வெளியே நிறுத்துவது? சரி, அலபாமாவைச் சேர்க்கலாம் என்றால், செப்டம்பரில் அதன் சொந்த மைதானத்திலேயே போய் 34-24 என்று அடித்துவிட்டு வந்த டெக்சஸ் கதவைத் தட்டுகிறது. இரண்டுக்குமே ஒரு தோல்விதான், இரண்டுமே சாம்பியன்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட முடியாது. இரண்டையும் எடுத்தால் தோல்வியே காணாத அணிக்கு இடமில்லை.

கமிட்டி இரண்டையும் எடுத்தது. ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாவது, வெளியே. டிவியில் அந்தப் பையன்களின் முகத்தைக் காட்டினார்கள். அவர்கள் ஹெல்மெட்டில் ஈட்டிப் படம் இருக்கும். சோபாவில் பூ கட்டிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"ஏம்மா, அந்த ஈட்டிக்காரப் பிள்ளைங்க எத்தனை ஆட்டம் தோத்தாங்க?"

"ஒண்ணுகூடத் தோக்கலை அத்தை."

"உள்ள போனவன்?"

"ஒண்ணு தோத்திருக்கான்."

"அப்புறம் என்ன அநியாயம் இது?"

கணவர் விளக்கினார். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பரில் கால் முறிந்துவிட்டது, அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை, கமிட்டி பார்ப்பது இனிமேல் யார் நன்றாக ஆடுவார்கள் என்பதை. மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கால் ஒடஞ்சதுக்கு அப்புறமும் ஜெயிச்சாங்கதானேடா?"

ஜெயித்தார்கள். அடுத்த ஆளை வைத்து ஃபுளோரிடாவை, அவரும் ஆட முடியாதபோது மூன்றாவது ஆளை வைத்து கான்ஃபரன்ஸ் இறுதியில் லூயிவில்லை. அந்த ஒற்றைக் கேள்வியைத்தான் நாடு பூராவும் ரசிகர்கள் தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்து காட்டியவனுக்கு இடமா, செய்யக்கூடியவனுக்கா? ஃபுளோரிடா மாநில அட்டர்னி ஜெனரல் விசாரணையில் இறங்கினார். கவர்னர் வழக்குச் செலவுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதாகச் சொன்னார். அந்த மாதக் கடைசியில், பிளேஆஃபில் இடம் கிடைக்காத அணிகள் ஆடிய ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியா அதே ஃபுளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று துவைத்தது. "பாத்தியாம்மா?" என்றார் கணவர். மனம் நொந்து பாதிப் பேர் ஆடவே வரவில்லை என்று நான் எடுத்துக் கொடுத்தேன். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் போனில் அந்த ஈட்டிக்காரப் பிள்ளைகளை விசாரிப்பார்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் நியாயம் பேசினால் கவனமாகக் கேட்க வேண்டும். 2014-இல் முதல் கமிட்டி உட்கார்ந்தபோது கடைசி வாரத்துக்கு முன்பு டிசியு மூன்றாவது இடத்தில் இருந்தது. கடைசி வாரம் 55-3 என்று ஜெயித்தது. ஜெயித்த அணி ஆறாவது இடத்துக்கு இறங்கியது! நாங்கள் விஸ்கான்சினை 59-0 என்று நசுக்கி நாலாவது இடத்தில் நுழைந்து, மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்தே கோப்பையும் வாங்கிவிட்டோம். டிசியு ரசிகர்கள் இன்றைக்கும் ஆறவில்லை. ஆறக் கூடாது.

2024-இல் இடம் பன்னிரண்டானது. சண்டை குறையும் என்று சிலர் பயந்தார்கள். நானும்தான். ஒன்றும் ஆகவில்லை, நாலாவது இடத்தில் நடந்த சண்டை பன்னிரண்டாவது இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த நவம்பரில் நாங்கள் சொந்த மண்ணில் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றோம். அன்று மாலை என் கணவர் ரொம்ப புத்திசாலித்தனமாக வாயைத் திறக்கவில்லை. கமிட்டி எங்களுக்குக் கொடுத்தது ஆறாவது ரேங்க். பழைய முறையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டிசம்பர் 21, எலும்பு வரைக்கும் குளிர். முதல் சுற்று ஆட்டம் கொலம்பஸிலேயே, டென்னஸியோடு. நுழைவு வரிசையில் எனக்கு முன்னால் ஆரஞ்சு நிறக் கம்பளிக் குல்லாயோடு ஓர் அம்மாள், டென்னஸி ரசிகை. அலபாமாவை வெளியே விட்டது பெரிய பாவம் என்று பொரிந்து தள்ளினார். எனக்குத் தலை சுற்றியது. அலபாமாவும் டென்னஸியும் பரம்பரை வைரிகள். அதுவும் அலபாமாவுக்கு மூன்று தோல்வி, வேண்டர்பில்ட்டிடம் ஒன்று, ஓக்லஹோமாவிடம் 24-3 என்று ஒன்று. மூன்றாவது இதே டென்னஸியிடம்! "அலபாமா உள்ளே போனால்தானே அவர்களை ஜெயித்த எங்களுக்கு மதிப்பு?" என்றார். எதிரிக்காக வக்காலத்து வாங்கி அதிலும் தனக்கு வட்டி எடுக்கிற மூளை! அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. பிறகு உள்ளே போய் அவர்களை 42-17 என்று அனுப்பிவைத்தோம். அங்கிருந்து ஒரேகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக ஜெயித்து ஜனவரியில் கோப்பை கொலம்பஸுக்கு வந்தது.

அதே வருஷம் இண்டியானாவை ஊரே கேலி செய்தது: சப்பை அணிகளை ஜெயித்து உள்ளே வந்தவர்கள், தகுதி இல்லாதவர்கள். அடுத்த சீசனில் அவர்கள் 16-0, சாம்பியன். வழியில் எங்களையும் 13-10 என்று தோற்கடித்தார்கள். கேலி செய்த யாரும் வாபஸ் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் 2025-இன் மகுடம் நோட்டர் டேம் விவகாரம். ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் அங்கே படித்தவர். முதல் இரண்டு ஆட்டம் தோல்வி, மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. அதன் பிறகு வரிசையாகப் பத்து வெற்றி. கடைசிக்கு முந்தின ரேங்கிங்கில் நோட்டர் டேம் பத்தாவது, மயாமி பன்னிரண்டாவது, நடுவில் பிஒய்யு. கடைசிச் சனிக்கிழமை நோட்டர் டேமும் ஆடவில்லை, மயாமியும் ஆடவில்லை. பிஒய்யு மட்டும் ஆடி டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றுக் கீழே இறங்கியது. இப்போது மயாமியும் நோட்டர் டேமும் பக்கத்துப் பக்கத்தில். பக்கத்தில் வந்துவிட்டால் நேருக்கு நேர் யார் ஜெயித்தது என்று பார்க்க வேண்டுமே! மயாமி 27-24 என்று ஜெயித்த அந்த ஆகஸ்ட் 31 ஆட்டம் எழுந்து வந்தது. மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. கோபத்தில் நோட்டர் டேம் வேறு பவுல் ஆட்டம் எதிலும் ஆட மாட்டோம் என்றே சொல்லிவிட்டது.

"ஆடாமலே எப்படிங்க ஒரு அணி தோற்கும்?" என்பது பக்கத்து மேஜைக்காரர் கேள்வி. "ஆடினப்போ தோத்தீங்களே" என்பது என் பதில். நான் முழுக்க முழுக்க மயாமி கட்சி. ஸ்கோர்போர்டில் இருப்பதை மதிக்காவிட்டால் எதற்கு ஆட வேண்டும்? ஆகஸ்ட் அணி வேறு, டிசம்பர் அணி வேறு என்றார் அவர். அப்படியானால் ஆகஸ்ட் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மயாமி எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டையே 24-14 என்று வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போனது. எனக்கு வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், வாதம் ஜெயித்த மிதப்பு ஒரு பக்கம். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். மனுஷர் கண் சிமிட்டாமல் சொன்னார்: "அதைத்தானே நானும் சொல்றேன். இறுதிப் போட்டி ஆடின அணிகிட்ட நாங்க வெறும் மூணு புள்ளியில தோத்திருக்கோம்!"

பன்னிரண்டைப் பதினாறு இடமாக்க வேண்டும் என்று எஸ்இசி கான்ஃபரன்ஸ் தரப்பில் பேச்சு, இருபத்துநாலு என்று பிக் டென் கான்ஃபரன்ஸ் தரப்பில் பேச்சு. பக்கத்து மேஜைக்காரருக்குப் பதினாறு சம்மதம், ஏன் என்று கேட்கவே வேண்டாம். கணவருக்கு எத்தனையானாலும் மிச்சிகன் இருந்தால் சரி. நான் பன்னிரண்டே போதும் என்கிற கட்சி. அன்றைக்குப் பதினாறு இடம் இருந்திருந்தால் அந்த மனுஷர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார், நாள் கணக்கில் என் மேஜையை விட்டு நகராமல் வாதாடியிருப்பாரா?