பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

புதுச்சேரிக்கு ‘பின்தங்கிய பகுதி’ என்ற பட்டம் ஒரு காலத்தில் வருமான வரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை வழியாகக் கிடைத்தது. அந்தமானும் இலட்சத்தீவும் இருந்த அதே அட்டவணையில் நாமும் இருந்தோம். இங்கே வந்து தொழிற்சாலை தொடங்கினால் முதல் ஐந்தாண்டு லாபத்துக்கு முழு வரிவிலக்கு, அதன் பிறகு சில ஆண்டுகள் ஒரு பகுதிக்கு விலக்கு. இந்தச் சலுகைக்கு ஒரு வேலைவாய்ப்பு நிபந்தனையும் உண்டு. மின்சாரம் வைத்து நடத்தும் ஆலையில் குறைந்தது பத்துத் தொழிலாளர் இருக்க வேண்டும், மின்சாரம் இல்லாவிட்டால் இருபது பேர். அவ்வளவுதான். ஒரு கோடி போட்டாலும் நூறு கோடி போட்டாலும் பத்துப் பேர் போதும். அந்தப் பத்தில் பெண்கள் எத்தனை, எந்த ஊர்ப் பெண்கள், பத்தாவது ஆண்டில் அவர்கள் வேலையில் இருந்தார்களா என்று சட்டம் கேட்கவில்லை. கிராமத்துக்கு முதலீடு போனால் வேலை தானாகப் போகும், வேலை போனால் அது பெண்ணுக்கும் போகும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1974இல் பிப்டிக் தொடங்கப்பட்டது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள் வந்தன. இந்தப் பக்கம் தொழிற்பேட்டைகள் வளர, அந்தப் பக்கம் நகரத்துப் பழைய பஞ்சாலைகள் நலிந்தன. 1936 ஜூலை 30 அன்று பன்னிரண்டு தொழிலாளர்களைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்து எட்டு மணி நேர வேலையைப் பெற்ற ஊர் இது. முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது.

ஆலை மூடப்படுவது கொடுமைதான். ஆனாலும் மூடப்படும் ஆலைக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. வருகைப் பதிவேடு, பி.எஃப். கணக்கு, சங்க அட்டை எல்லாம் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வாதாட முடியும். கழனியில் களையெடுத்த பெண்ணுக்கு அப்படி எந்தப் பதிவேடும் கிடையாது. அவள் வேலை இழந்தால், இழந்தாள் என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை.

சேதராப்பட்டு, கரசூர் நிலத்தை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்த வேகத்தில், அங்கே ஒரு மண்டலம் அமைக்கவென்று நூற்றுக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. மண்டலம் வரவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாக நிலம் சும்மா கிடந்தது. இதைப் பற்றி நாம் படித்தவை எல்லாம் இரண்டே தரப்பைப் பற்றியவை: நிலம் கொடுத்தவருக்கு வாரிசு வேலை கிடைக்குமா, கூடுதல் இழப்பீடு வருமா என்பது ஒன்று, முதலீட்டாளர் எப்போது வருவார் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து, உடைத்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பட்டா இல்லாத பெண்கள், அதிலும் பெரும்பகுதி தலித் பெண்கள். ஆடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் இதே நிலத்தில்தான். நிலம் வேலிக்குள் போனபோது அவர்களுடைய கூலியும் உள்ளே போய்விட்டது.

அன்று நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலத்தில் உரிமை உள்ளவரோடுதான் அது பேசியது. 2013இல் வந்த புதிய சட்டம் ஓரளவு மாறியது. அந்த நிலத்தை நம்பி மூன்றாண்டு பிழைத்த விவசாயக் கூலிகளும் குத்தகைதாரரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றது. கைம்பெண்களையும் மணவிலக்கு பெற்றவர்களையும் குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண்களையும் தனிக் குடும்பமாகவே எண்ண வேண்டும் என்றது. பெண் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தது இது. சேதராப்பட்டுக்கு அது காலம் தாழ்ந்து வந்தது.

சரி, கிராமத்துப் பெண்ணுக்குக் கூலி வேலையை அவள் பெயரிலேயே கொண்டுவந்த திட்டம் எது? நம் பக்கத்தில் ‘ஏரி வேலை’ என்று சொல்லப்படும் நூறு நாள் வேலைதான். 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2008இல் புதுச்சேரிக்கு வந்தது. பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்களே வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்பதைத் தொழில் கொள்கை எழுதுகிறவர்கள் கவனித்திருக்கலாம். ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, ஆறு வயதுக்குள் ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒருத்தி, பணம் வங்கிக் கணக்கில். தொழிற்பேட்டை இந்த நான்கில் எதையும் தன் கவலையாக எடுத்துக்கொண்டதில்லை. இரவு ஷிப்டு முடிந்து கடைசிப் பேருந்தை விட்டவள் எப்படி வீட்டுக்குப் போவாள் என்பது முதலீட்டாளர் மாநாட்டில் பேசப்படும் பொருளா என்ன?

நூறு நாள் வேலையைப் புகழ்ந்தே முடித்துவிடவும் முடியாது. நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருந்தால் நாட்களைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நூறும் முழுதாகக் கிடைத்ததில்லை. புதுச்சேரியின் சராசரி நூறின் பக்கத்தில்கூட வந்ததில்லை. 2023 முதல் ஒரு நாளைக்கு இருமுறை செல்போனில் போட்டோ எடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்றானது. சிக்னல் இல்லாவிட்டால் வெட்டிய மண் கணக்கில் ஏறாது. ‘மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிக் காசு வாங்குகிறவர்கள்’ என்ற ஏச்சு வேறு. வரிவிலக்கு வாங்கிய எவரையும் யாரும் இப்படி ஏசியதில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே மாற்றிவிட்டது. புதிய சட்டத்தில் 125 நாள். ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு அறுபது நாள் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம். ஏரி வேலை இருந்ததால்தான் பாகூரிலோ மண்ணாடிப்பட்டிலோ ஒருத்தி “இந்தக் கூலிக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்ல முடிந்தது. நடவுக் கூலியும் அறுப்புக் கூலியும் பேசப்படும் காலத்திலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டு, நாட்களைக் கூட்டினோம் என்பது என்ன கணக்கு?

இதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை. நம் ஊரில் கேட்பதற்கு ஆள் இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண்கள் ஒரு தலைமுறையாக அங்கே இல்லை. எந்த ஏரியைத் தூர்ப்பது, எந்த நிலத்தைத் தொழிலுக்குக் கொடுப்பது என்பதை அதிகாரிகளும் நகரத்துச் சட்டமன்றமும் முடிவு செய்கின்றன.

சேதராப்பட்டு நிலத்துக்கு இப்போது மறுபடியும் திட்டங்கள் பேசப்படுகின்றன. அந்தக் கழனிகளில் கூலிக்குப் போன பெண்களில் பலருக்கு இன்று ஐம்பதோ அறுபதோ வயதிருக்கும். அவர்களுடைய பெண்கள் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வயதில் இருப்பார்கள். புதிய ஆலைக்கு ஒப்பந்தம் போடும் முன்னால், யார் அங்கே களையெடுத்தார்கள், யார் ஆடு மேய்த்தார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லலாம். ரேஷன் கடை வரிசையில் போய் நின்று விசாரித்தாலே போதும், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.